எல்லார் உடம்பிலும் இருக்கும் வைரஸ், சிலருக்கு மட்டும் வரும் ரத்தப் புற்றுநோய்

உலகத்தில் வளர்ந்த மனிதர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக ஈபிவி, இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களுக்கும் அநேகமாக இருக்கும். எப்போது வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் சின்ன வயதில் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சல் மாதிரி வந்து, சில நேரம் அதுகூட இல்லாமல், சத்தமே போடாமல் உள்ளே தங்கிவிடும், அப்புறம் சாகும்வரை போகாது. இதே வைரஸைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இல் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பிரிவு.

இந்த இரண்டு தகவலையும் அடுத்தடுத்துப் படித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ரத்தப் பரிசோதனை முடிவில் "ஈபிவி ஐஜிஜி பாசிட்டிவ்" என்று பார்த்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தேடிப் படித்து, லிம்ஃபோமா என்ற சொல்லில் வந்து நின்று, தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லாருக்கும் இருக்கிற ஒன்று புற்றுநோயை உண்டாக்கும் என்றால், எல்லாருக்கும் ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் இன்று கையில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் புற்றுநோய் பக்கத்தைப் பார்த்துவிடலாம். ரத்தப் புற்றுநோய் என்றதும் பலருக்கு லுகேமியாதான் நினைவுக்கு வரும். லிம்ஃபோமாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் பெரும்பாலும் கட்டியாக வெளிப்படும். தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறது இல்லையா, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கிருமியோடு சண்டை நடக்கும்போது அதற்குள் இருக்கிற லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்கள் பெருகுவதால் வீங்குகிறது, சண்டை முடிந்ததும் வற்றிவிடுகிறது. லிம்ஃபோமாவில் அந்த வற்றுதல் நடப்பதில்லை. ஒரே ஒரு லிம்ஃபோசைட்டின் வாரிசுகள், எந்தக் கிருமியும் எதிரே இல்லாமலேயே, பெருகிக்கொண்டே போகும். லிம்ஃபோசைட்டுகளில் இரண்டு முக்கியமான வகைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கிருமியின் மேல் போய் ஒட்டுகிற ஆன்டிபாடிகளைத் தயாரிப்பது பி செல், தொற்றுக்குள்ளான செல்லைத் தேடிப் பிடித்துக் கொல்வது டி செல். நம் வைரஸ் குடியிருப்பது பி செல்லில், அதைக் காவல் காப்பது டி செல். மிச்சக் கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

அப்புறம் ஈபிவி சேர்ந்திருக்கிற குடும்பத்தின் பெயர், ஹெர்பிஸ். இதைக் கேட்டதுமே பலருக்கு ஒரு கூச்சம், பாலியல் நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். ஹெர்பிஸ் என்பது ஒரு பெரிய வைரஸ் குடும்பத்தின் பெயர், அதில் மனிதரைத் தொற்றுபவை எட்டு ஒன்பது இருக்கின்றன. சின்னம்மையை உண்டாக்குவதும் அந்தக் குடும்பம்தான், உதட்டோரம் கொப்புளம் போடுவதும் அதே குடும்பம்தான். எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: வந்தால் போகாது, ஒளிந்துகொள்ளும். சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து வயதான காலத்தில் அக்கியாக எழுந்து வரும். ஈபிவி ஒளியும் இடம் பி செல். அது பரவுவது எச்சில் வழியாக, அதனால்தான் குழந்தைப் பருவத்திலேயே பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது. அப்போது வராமல் தப்பித்தவர்களுக்குப் பதினாறு, பதினெட்டு வயதில் வந்தால் மட்டும் ஆளை அடித்துப் போட்டுவிடும்: காய்ச்சல், தொண்டைப் புண், கழுத்தெல்லாம் நெறி, வாரக்கணக்கில் அசதி. இதற்கு மோனோநியூக்ளியோசிஸ் என்று பெயர், சுருக்கமாக மோனோ. முத்த நோய் என்றும் சொல்வதுண்டு.

இந்த வைரஸைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. கதை சுவையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, புதிரின் எல்லாத் துண்டுகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

1957-இல் உகாண்டாவின் கம்பாலாவில், முலாகோ மருத்துவமனையில், டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவரிடம் ஒரு சிறுவனைக் காட்டினார்கள். மேல் தாடை, கீழ்த் தாடை, இடது, வலது என்று முகத்தின் நான்கு பக்கமும் வீக்கம். கிருமியால் வந்த வீக்கம் நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் வராது, புற்றுநோயும் அப்படி வருவதில்லை என்பதுதான் அப்போதைய அனுபவம். கொஞ்ச நாளில் வேறொரு மருத்துவமனையில் அதே மாதிரி இன்னொரு குழந்தை. பர்கிட் பழைய பதிவேடுகளைப் புரட்டினார், எங்கெங்கோ தனித்தனிப் புற்றுநோய்களாக எழுதி வைத்திருந்த தாடைக் கட்டிகளும் வயிற்றுக் கட்டிகளும் ஒரே நோய்தான் என்று புரிந்தது. 1958-இல் அதை எழுதி வெளியிட்டார். இன்று பர்கிட் லிம்ஃபோமா என்று அவர் பெயரிலேயே சொல்வது இந்த நோயைத்தான். 1961-இல் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய காரில் ஏறி, ஏறத்தாழ 10,000 மைல் ஆப்பிரிக்காவுக்குள் சுற்றி, மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் "இந்த மாதிரிக் குழந்தைகளைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தபோது நோய் பூமத்திய ரேகையை ஒட்டி ஒரு பட்டையாக இருந்தது, அந்தப் பட்டைக்குள்ளும் உயரமான குளிர் மலைப்பகுதிகளிலும் மழை குறைந்த வறண்ட பகுதிகளிலும் காணோம். வெப்பம், மழை, தாழ்வான நிலம் என்றால் நினைவுக்கு வருவது கொசு. அப்படியானால் கொசு பரப்புகிற ஏதோ ஒரு வைரஸ் இந்தப் புற்றுநோயைக் கொண்டுவருகிறதோ என்ற சந்தேகம் வலுத்தது. அந்தச் சந்தேகம் பாதி சரி, பாதி தப்பு. பின்னால் அதற்கு வருகிறேன்.

1961 மார்ச்சில் லண்டனில் பர்கிட் ஒரு உரை நிகழ்த்தினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆண்டனி எப்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளர், கோழிகளுக்குக் கட்டியை உண்டாக்கும் வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தவர். மனிதப் புற்றுநோய்க்கும் வைரஸ் காரணமாக இருக்கலாம் என்பதை அந்தக் காலத்தில் நம்பியவர்கள் குறைவு. அவர் பர்கிட்டிடம் பேசி, கட்டியின் துண்டுகளைக் கம்பாலாவிலிருந்து விமானத்தில் வரவழைக்க ஏற்பாடு செய்தார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் ஒரு நாள் லண்டனில் பனிமூட்டம், விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டார்கள், மாதிரி வந்து சேரத் தாமதமாகிவிட்டது. வந்தபோது புட்டியில் இருந்த திரவம் கலங்கியிருந்தது. கலங்கினால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அர்த்தம், வழக்கமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எப்ஸ்டீன் போடாமல் ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தார். பாக்டீரியா இல்லை, கட்டியிலிருந்து உதிர்ந்த புற்றுச் செல்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன. அதுவரை அவற்றைக் கண்ணாடியில் ஒட்டி வளர்க்கப் பார்த்துத் தோற்றிருந்தார்கள், மிதக்க விட்டால் வளரும் என்று அந்தப் பனிமூட்டம்தான் காட்டிக்கொடுத்தது. இவோன் பார் அந்தச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தார், பெர்ட் அசோங் நுண்ணோக்கி வேலையில் கூட இருந்தார். 1964 பிப்ரவரியில் அந்தச் செல்களுக்குள் ஹெர்பிஸ் குடும்ப வைரஸின் உருவம் தெரிந்தது. மார்ச் மாதம் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. வைரஸின் பெயரில் எப்ஸ்டீனும் பாரும் நிலைத்துவிட்டார்கள், அசோங் விடுபட்டுப் போனார், எனக்கு அது எப்போதும் ஒரு குறையாகவே படும். மனிதப் புற்றுநோயில் முதன்முதலாகக் கண்டெடுத்த வைரஸ் இதுதான்.

இனி எல்லாம் தெளிவாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே என்ற தம்பதி, இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி யாரிடமெல்லாம் இருக்கிறது என்று ரத்தத்தில் சோதித்தார்கள். புற்றுநோய்க் குழந்தைகளிடம் இருந்தது, சரி. ஆனால் ஆப்பிரிக்காவையே பார்த்திராத, எந்த நோயும் இல்லாத மனிதர்களிடமும் இருந்தது. கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருந்தது. அவர்கள் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் மட்டும் அது இல்லை. 1967-இல் அவருக்கு மோனோ வந்தது, குணமாகித் திரும்பியபோது சோதித்தால் ஆன்டிபாடி இருக்கிறது! மோனோவை உண்டாக்கும் வைரஸும் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் கட்டியில் இருந்த வைரஸும் ஒன்றே என்று அப்படித்தான் தெரிந்தது. ஆகக் கொசு இந்த வைரஸைக் கொண்டுவரவில்லை, எச்சில்தான் உலகம் முழுக்கப் பரப்பியிருக்கிறது. அப்படியானால் புற்றுநோய் மட்டும் ஏன் அந்தப் பட்டைக்குள்?

இதற்குப் பதில் தெரிய, பி செல்லுக்குள் வைரஸ் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மொத்த விஷயத்தின் மையம் இதுதான்.

ஒரு புதிய பி செல் ஒரு கிருமியைச் சந்தித்ததும் நெறிக்குள் இருக்கிற ஒரு பயிற்சிக்கூடத்துக்குள் போகிறது. அங்கே தன் ஆன்டிபாடி மரபணுவைத் தானே வெட்டி, மாற்றி, இன்னும் நன்றாகக் கிருமியோடு ஒட்டுகிற ஆன்டிபாடியைச் செய்யப் பார்க்கிறது. வெட்டுகிற வேலைக்கு என்றே ஒரு நொதி இருக்கிறது. தன் டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்கிற செல் உடம்பில் அபூர்வம், இது ஆபத்தான வேலை என்பதால் கண்காணிப்பும் கடுமை. பயிற்சியில் இருக்கும் ஒவ்வொரு பி செல்லுக்கும் இரண்டு அனுமதிகள் தேவை: கிருமி தன் ஆன்டிபாடியில் சரியாக ஒட்டுகிறது என்ற சமிக்ஞை ஒன்று, பக்கத்தில் இருக்கும் உதவி டி செல்லின் ஒப்புதல் இன்னொன்று. இரண்டும் கிடைக்காவிட்டால் அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அங்கே போகும் செல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன, சாகவும் வேண்டும்.

ஈபிவி இந்த இரண்டு அனுமதிகளையும் போலியாகத் தயாரிக்கிறது. அது வைத்திருக்கிற எல்எம்பி2ஏ என்ற புரதம் முதல் சமிக்ஞையைப் போல நடிக்கிறது, எல்எம்பி1 என்ற புரதம் டி செல் தருகிற ஒப்புதலைப் போல நடிக்கிறது. அதனால் எந்தக் கிருமியையும் சரியாகப் பிடிக்காத பி செல்லும், உள்ளே வைரஸ் இருக்கிற காரணத்தாலேயே, சாகாமல் பயிற்சிக்கூடத்தை விட்டு நினைவுச் செல்லாக வெளியே வந்துவிடும். நினைவுச் செல்கள் நீண்ட ஆயுள் உள்ளவை. வெளியே வந்ததும் வைரஸ் தன் புரதங்களையெல்லாம் நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் உட்கார்ந்துகொள்ளும், டி செல்லுக்கு அடையாளம் காட்ட ஒன்றுமே வெளியில் தெரியாது. நல்ல ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் 10 லட்சம் பி செல்லுக்கு ஒன்றிலிருந்து ஐம்பது செல்வரைதான் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும். அவ்வப்போது சில செல்களில் விழித்து, பெருகி, எச்சிலில் கலந்து அடுத்த ஆளுக்குப் போகும்.

இதில் எங்கேயும் புற்றுநோய் இல்லை என்பதைக் கவனியுங்கள். வைரஸுக்கு வேண்டியது நீண்ட நாள் இருக்க ஒரு வீடு. வீட்டுக்காரரைக் கொல்வதில் அதற்கு எந்த லாபமும் இல்லை. அது செய்கிற ஒரே தப்பு என்னவென்றால், செத்திருக்க வேண்டிய செல்லைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் வருவதில்லை. ஆனால் அப்படி உயிரோடு விட்ட செல்லில் வேறொரு விபத்தும் நடந்துவிட்டால்?

பர்கிட் லிம்ஃபோமாவில் நடக்கும் விபத்து என்னவென்று 1982-இல் தெளிவானது. நம் 8ஆம் குரோமோசோமில் மிக் என்று ஒரு மரபணு இருக்கிறது, செல்லைப் பெருகச் சொல்கிற மரபணு, தேவையானபோது மட்டும் வேலை செய்யும். 14ஆம் குரோமோசோமில் ஆன்டிபாடி மரபணு இருக்கிறது, பி செல்லில் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நான் சொன்ன அந்த வெட்டுகிற நொதி தவறான இடத்தில் வெட்டிவிட்டால், 8இன் துண்டு 14இல் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது மிக் மரபணு, எப்போதும் ஓடுகிற எஞ்சினோடு சேர்ந்துவிட்டது, அதை நிறுத்த ஆள் இல்லை. பர்கிட் லிம்ஃபோமாக்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் 8க்கும் 14க்கும் இடையே இந்த மாற்றம் இருக்கும், மீதியில் 8ஆம் குரோமோசோம் 2உடனோ 22உடனோ இதே தப்பைச் செய்திருக்கும். இந்தக் கட்டியின் செல்கள் ஒன்றிரண்டு நாளிலேயே இரட்டிப்பாகக்கூடியவை, மனிதப் புற்றுநோய்களில் இத்தனை வேகம் அபூர்வம்.

ஆனால் உடம்பு இதற்கும் ஒரு தற்காப்பு வைத்திருக்கிறது. மிக் அளவுக்கு மீறி வேலை செய்தால் அதுவே அந்தச் செல்லைச் சாகத் தூண்டும். கட்டுப்பாடில்லாமல் பெருகப் பார்க்கும் செல் தானே அழிந்துவிடும், பெரும்பாலும் அதோடு கதை முடிந்துவிடும். இங்கேதான் வைரஸ் குறுக்கே நிற்கிறது. சாகச் சொல்லும் கட்டளையை அது மழுங்கடித்து வைத்திருப்பதால், மிக் விபத்து நடந்த செல் பிழைத்துவிடுகிறது. இது வெறும் ஊகம் இல்லை. வைரஸ் இல்லாமலும் பர்கிட் லிம்ஃபோமா வருவதுண்டு, மலேரியா இல்லாத நாடுகளில் வருகிற பர்கிட் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தால், வைரஸ் இல்லாத கட்டிகளில் கூடுதலான மரபணுப் பிழைகள் இருக்கின்றன, அதிலும் செல் சாவோடு தொடர்புடைய மரபணுக்களில். வைரஸ் இருக்கும் கட்டிக்கு அந்தப் பிழைகள் தேவைப்படவில்லை, அந்த வேலையை வைரஸ் ஏற்கனவே செய்து வைத்துவிட்டது. இந்த ஒரு ஒப்பீடு எத்தனையோ பக்க விளக்கத்தை விட எனக்குத் தெளிவாகப் புரியவைத்தது.

சரி, மூன்றாவது துண்டு, கொசு. அது வைரஸைக் கொண்டுவரவில்லை, மலேரியாவைக் கொண்டுவந்தது. பர்கிட் வரைந்த பட்டை, மலேரியாவில் கடுமையான வகையான ஃபால்சிபாரம் மலேரியா வருஷம் முழுக்க ஓயாமல் இருக்கிற பகுதியோடு அப்படியே பொருந்துகிறது. திரும்பத் திரும்ப மலேரியா வரும் குழந்தைக்கு பி செல்கள் ஓயாமல் தூண்டப்படுகின்றன, அந்த ஒட்டுண்ணியின் ஒரு புரதமே பி செல்லை நேரடியாகக் கிளறிவிடும். பயிற்சிக்கூடங்களில் எப்போதும் கூட்டம், வெட்டும் நொதி எப்போதும் வேலையில், அதனால் தவறான வெட்டு நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. இன்னொரு பக்கம், ஈபிவியைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய டி செல்கள் களைத்துப் போகின்றன, வைரஸ் சுமக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறுகிறது. அந்தப் பகுதிகளில் குழந்தைகளுக்கு ஈபிவி மிகச் சிறிய வயதிலேயே வந்தும் விடுகிறது. 1970களில் உகாண்டாவின் மேற்கு நைல் பகுதியில் சுமார் 42,000 குழந்தைகளிடம் ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, பின்னால் யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். நோய் வந்த குழந்தைகளின் பழைய ரத்தத்தில், நோய் வருவதற்கு முன்பே, ஈபிவிக்கு எதிரான ஆன்டிபாடி மற்றக் குழந்தைகளை விட அதிகமாக இருந்தது. கட்டி வந்த பிறகு ஒட்டிக்கொண்ட வைரஸ் அல்ல அது, முன்னாலேயே அதிகமாக இருந்திருக்கிறது.

ஆக எல்லாருக்கும் வைரஸ், சிலருக்கு மட்டும் புற்றுநோய் என்பதன் கணக்கு இப்படி: வைரஸ் வேண்டும், குரோமோசோம் விபத்து வேண்டும், அந்த விபத்துக்கு வாய்ப்பைக் கூட்டி டி செல் காவலைத் தளர்த்துகிற இன்னொன்றும் வேண்டும். மூன்றும் ஒரே செல்லில், ஒரே காலத்தில் கூடுவது அபூர்வம்.

லிம்ஃபோமாவில் இன்னொரு வகையான ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் இதே தர்க்கம்தான், வேறு வேஷத்தில். அந்தக் கட்டியில் உண்மையான புற்றுச் செல்கள் நூற்றில் ஒன்று போலத்தான் இருக்கும், மீதி எல்லாம் அவற்றைச் சுற்றிக் கூடிய சாதாரண வெள்ளையணுக்கள். அந்தப் பெரிய, இரட்டைக் கரு கொண்ட, ஆந்தைக் கண் போலத் தெரியும் செல்கள் பயிற்சிக்கூடத்திலிருந்து வந்த பி செல்கள்தான், ஆனால் அவற்றில் பலவற்றின் ஆன்டிபாடி மரபணு உருப்படாமல் சிதைந்திருக்கிறது. விதிப்படி செத்திருக்க வேண்டியவை. அவற்றுக்குள் எல்எம்பி1, எல்எம்பி2ஏ இரண்டும் இருக்கின்றன, போலி அனுமதிகள் இரண்டும் கையில். எல்லா ஹாட்ஜ்கினிலும் அப்படி இல்லை, வளர்ந்த நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு போல, ஏழை நாடுகளில் அதை விட அதிகமாக. மோனோ வந்த இளைஞர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் இந்த வகை ஹாட்ஜ்கின் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது என்று டென்மார்க், ஸ்வீடன் மக்கள் பதிவேடுகளிலிருந்து தெரிந்தது, ஆனால் கூடிய பிறகும் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவுதான். மோனோ வந்த பிள்ளையின் பெற்றோர் தயவுசெய்து இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம்.

டி செல்லின் காவல் எவ்வளவு முக்கியம் என்று நேரடியாகக் காட்டுவது உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களின் அனுபவம். புதிய சிறுநீரகத்தையோ கல்லீரலையோ உடம்பு நிராகரிக்காமல் இருக்க டி செல்களை அடக்கும் மாத்திரைகள் தருவார்கள். சிலருக்கு அப்போது ஈபிவி சுமக்கும் பி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி லிம்ஃபோமாவாகிவிடும். என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைப்பது சிகிச்சையின் முதல் படி: அந்த மாத்திரைகளின் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். டி செல்கள் எழுந்து வந்ததும் சிலருக்குக் கட்டி தானாகவே கரைந்துவிடும். எல்லாருக்கும் அப்படி நடக்காது, பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகளோ கீமோவோ தேவைப்படும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கு, தானம் கொடுத்தவரின் டி செல்களையே கொடுத்து இந்தக் கட்டிகளைக் கரைத்ததை 1990களின் நடுவிலேயே காட்டியிருக்கிறார்கள். அந்த வழியில், ஈபிவியை அடையாளம் காணப் பழக்கிய டி செல்களைத் தயார்நிலையில் வைத்திருந்து தரும் டபெலெக்ளூசெல் என்ற சிகிச்சைக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

வைரஸ்தான் காரணம் என்றால் வைரஸ் மருந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும், நியாயமான கேள்வி. அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர், வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போதுதான் வேலை செய்யும். புற்றுச் செல்லில் வைரஸ் பிரதி எடுப்பதில்லை, செல் இரண்டாகும்போது கூடவே தானும் இரண்டாகிக்கொண்டு சும்மா இருக்கிறது. அதனால் அந்த மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

இப்போது அந்தப் பரிசோதனை முடிவுக்கு வருவோம். ஐஜிஜி என்பது ஒரு வகை ஆன்டிபாடி. "ஐஜிஜி பாசிட்டிவ்" என்றால் எப்போதோ வைரஸ் வந்து உள்ளே தங்கியிருக்கிறது, உங்கள் உடம்பு அதை அறிந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அது புற்றுநோயின் அறிகுறி இல்லை, வரப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பும் இல்லை. லிம்ஃபோமாவில் ஈபிவியின் பங்கைத் தெரிந்துகொள்ளக் கட்டியிலிருந்து சதை எடுத்து, அந்தச் செல்களுக்குள்ளேயே வைரஸின் ஆர்என்ஏ இருக்கிறதா என்று சாயமிட்டுப் பார்க்க வேண்டும், ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி அதைச் சொல்லாது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: வலியில்லாத நெறி சில வாரங்களாகியும் வற்றாமல் இருப்பது, பெரிதாகிக்கொண்டே போவது, காரணம் தெரியாத காய்ச்சல், படுக்கை நனைகிற அளவுக்கு ராத்திரி வியர்வை, முயற்சி செய்யாமலே எடை குறைவது. இவை இருந்தால் ஆன்டிபாடி முடிவு என்னவாக இருந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், தள்ளிப் போடக்கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வைரஸ் எச்சிலில் பரவும், புற்றுநோய் பரவாது. லிம்ஃபோமா வந்த குழந்தையைத் தொடவும் முத்தமிடவும் கூட விளையாடவிடவும் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதால். அந்தக் குழந்தையிடம் இருக்கும் வைரஸ் தயங்குகிற அந்தப் பெரியவரிடமும் ஏற்கனவே இருக்கிறது. அந்தக் குழந்தையின் தட்டைத் தனியே வைக்க எந்தக் காரணமும் கிடையாது. கீமோ நடக்கும்போது எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால், நம்மிடம் இருக்கும் சளியும் காய்ச்சலும் குழந்தைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முறை.

அதைவிட முக்கியம், இவை குணப்படுத்தக்கூடிய நோய்கள். வேகமாகப் பெருகும் செல்லைக் கீமோ வேகமாகவே கொல்லும். பர்கிட்டே 1960களில், கையில் கிடைத்த ஒன்றிரண்டு மருந்துகளை வைத்துக்கொண்டு கொடுத்தபோது, முகத்தை மறைத்திருந்த கட்டிகள் சில நாட்களில் வற்றியதைப் பார்த்தார், சில குழந்தைகள் முழுதாகவே குணமானார்கள். இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் பர்கிட் வரும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நோய் அதிகமாக இருக்கும் ஆப்பிரிக்க நாடுகளில் அந்த விகிதம் வெகுவாகக் குறைவு. நோய் ஒன்றுதான், தாமதமாகக் கண்டுபிடிப்பதும் மருந்தும் துணைச் சிகிச்சையும் கிடைக்காததும்தான் அந்த இடைவெளி. இதை எழுதும்போதுகூட மனது கனக்கிறது.

வைரஸையே வராமல் தடுக்கும் தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை. வைரஸ் பி செல்லோடு ஒட்டப் பயன்படுத்தும் ஜிபி350 என்ற புரதத்தை வைத்துச் செய்த ஒரு தடுப்பூசியை 181 இளைஞர்களிடம் சோதித்து 2007-இல் முடிவு வெளியிட்டார்கள்: மோனோ வருவதை 78 சதவீதம் குறைத்தது, ஆனால் தொற்றைத் தடுக்கவில்லை. புதிய முறைகளில் செய்த தடுப்பூசிகள் இப்போது சோதனையில் இருக்கின்றன. இந்த வைரஸோடு தொடர்புடைய புற்றுநோய்கள், மூக்குத் தொண்டைப் புற்றுநோயும் இரைப்பைப் புற்றுநோயின் ஒரு பகுதியும் சேர்த்து, உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் என்பதால் அந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் இருக்கிறது. எப்ஸ்டீன் 2024 பிப்ரவரியில் தன் 102ஆம் வயதில் இறந்தார், தடுப்பூசிக்காக அவரும் பல வருஷம் உழைத்திருந்தார்.

ஆனால் சங்கிலியின் இன்னொரு கண்ணியை இப்போதே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மலேரியாத் தடுப்பூசிகள் இரண்டை உலக சுகாதார நிறுவனம் 2021-இலும் 2023-இலும் பரிந்துரைத்தது, பர்கிட் வரைந்த அதே பட்டைக்குள் இருக்கிற நாடுகளில் கைக்குழந்தைகளுக்கு அவற்றைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலேரியாவைத் தடுக்கவே அந்த ஊசி. பர்கிட் லிம்ஃபோமா அதிகமாக வருவது நான்கு வயதிலிருந்து ஏழு வயதுக்குள் என்பதால், இந்தக் குழந்தைகள் அந்த வயதைக் கடக்கும்போது தாடை வீக்கத்தோடு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.